பசிக்குக் கொடுத்த அரிஷ்டம்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் வேதியியல் எடுக்கிறேன். சர்க்கரைக் கரைசல் நொதித்தால் ஆல்கஹால் ஆகும் என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போடுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா" என்று நீங்கள் கேட்பதற்குள் நானே கேட்டுக்கொண்டதாக இருக்கட்டும்.

என் பையன் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான். பதினெட்டு வயதுகூட முடியவில்லை. கொட்டிவாக்கத்தில் சிநேகிதன் வீட்டில் புராஜெக்ட் வேலை என்று சொல்லிப் போனவன், மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர், "ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலையாம், வயத்துல புண்ணு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நன்றாகவே சொன்னார்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் காதுக்குப் போகக்கூடாது என்று அவர்களாக முடிவுசெய்த விஷயம் எதுவானாலும், "அவளுக்கு பிரஷர், தாங்க மாட்டாள்" என்று மூடிவிடுவார்கள். நான் தினம் ஒரு மாத்திரை போடுகிறேன், அவ்வளவுதான். அந்த மாத்திரையைக் காரணம் காட்டி என் பிள்ளையின் வியாதியையே எனக்குச் சொல்லாமல் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் எலும்பும் தோலுமாக இருந்தான். ரசம் சாதம்கூட இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பெற்றவளுக்கு மனசு கேட்குமா? மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பாட்டில் அரிஷ்டம் வாங்கிவந்தேன். திராட்சையும் வெல்லமும் மூலிகையும் சேர்த்து நாள்கணக்கில் ஊறவைக்கிற கஷாயம், பசியைக் கிளப்பும். இவன் பிறந்தபோது எனக்கும் ஏதோ ஓர் அரிஷ்டம் கொடுத்தார்கள். பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் எங்கள் உறவுக்காரர்கள் எல்லார் வீட்டிலும் அது இருக்கும். அதை மருந்து என்பதைத் தவிர வேறு விதமாக நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் மூடியில் ஊற்றி நீட்டினேன். மோந்து பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றான்.

"என்னடா வேண்டாம்? கண்ணை மூடிண்டு முழுங்கு."

குடித்தான். நாலைந்து நாளில், சாப்பிட்டுக் கை அலம்பியதும் அவனே வந்து, "அம்மா, அரிஷ்டம்?" என்று கேட்க ஆரம்பித்தான். சின்ன வயதில் டானிக் பாட்டிலைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறவன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பைப் பற்றிப் பிள்ளைக்கு அக்கறை வந்துவிட்டது என்று போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். பாட்டில் சீக்கிரமே காலியானது. நான்தான் தாராளமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று இன்னொன்று வாங்கினேன்.

அந்தப் பாட்டிலும் அடிமட்டத்துக்கு வந்தபோது வலி திரும்பிவிட்டது. மறுபடி அதே ஆஸ்பத்திரி. வேறு என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அரிஷ்டம் என்று பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க மேடம்கிட்ட சொல்லவே இல்லையா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். டாக்டர்தான் சொன்னார். கணையம் வீங்கியிருக்கிறது, குடியால் வந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆகாது மேடம். ஆனா இந்த வயசுல ஆரம்பிச்சா சீக்கிரமே அதுக்குப் பழகிடுவாங்க, விடறது கஷ்டம். இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு அன்னைக்கே சார்கிட்ட சொன்னேன். அரிஷ்டத்துலயும் ஆல்கஹால் இருக்கு."

ஊறுவது, நொதிப்பது, எல்லாம் நான் நடத்துகிற பாடம்தான்.

வெளியே வந்ததும் என் கணவர், "உனக்கு பிரஷர் இருக்கேன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"என் பிரஷர் கிடக்கட்டும். அவன் எனக்கும் புள்ளைதானே?" என்று கத்தினேன். நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வலி அடங்கியபின் பையனிடம் கேட்டேன். "என்னன்னு தெரிஞ்சுண்டே ஏன்டா கேட்டுக் கேட்டுக் குடிச்சே?"

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே பேசினான்.

"முதல் நாள் நிஜமாவே வேண்டாம்னுதாம்மா சொன்னேன். உன்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தது. அப்பா சத்தியம் வாங்கிண்டுட்டார். அப்புறம் எப்படா சாப்பாடு முடியும்னு காத்துண்டிருந்தேன். நீ ஸ்கூல் போனப்புறம் பாட்டிலோட எடுத்துக் குடிச்சேன்."

நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவன் திரும்பவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. குடிப்பதில்லை என்கிறான். சில நாள் நம்புகிறேன், சில நாள் அவன் வெளியே போனதும் அவன் பையைத் துழாவுகிறேன்.

போன வாரம் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தினான். பழக்கதோஷம், என் கை தானாக அலமாரிக்குப் போனது. பெருங்காய டப்பாதான் இருந்தது. கை அலம்பி வந்தவன், நான் அலமாரியில் கைவிட்டதைப் பார்த்துவிட்டான்.

"இல்லடா" என்றேன்.

"தெரியும்மா" என்றான்.

ஆனாலும் கொஞ்ச நேரம் அலமாரிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.