தொண்ணூற்றேழில் நின்ற முள்

செய்தியாளர் சந்திப்பில் செய்தி இல்லாமல் போகலாம்; பொரித்த ரோல்ஸ் தட்டு இல்லாமல் போனதை இருபத்தாறு வருட நிருபர் வேலையில் நான் பார்த்ததில்லை. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த திறப்பு விழா, பரிசளிப்பு விழா, கண்டனக் கூட்டம் எல்லாவற்றிலும் நான் எழுதியதைவிடத் தின்றதுதான் அதிகம். அதற்குச் சாட்சி என் உடம்பு: நூற்றிருபத்தெட்டுக் கிலோ.

அழகுக்காக அதைக் குறைக்கப் புறப்படவில்லை. என் அக்கா சரஸ்வதி ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவளுக்குப் பொருந்தியது என்னுடைய சிறுநீரகம் மட்டும்தான். சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, எடைதான் தடை. "தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கி வாங்க, அப்புறம் எடுப்போம்" என்றார் மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் வைத்தியர். வேறு வழி எதுவும் பலிக்காததால், இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சைக்குப் படுத்தேன். ஆறு மாதத்தில் முப்பத்தொரு கிலோ கழன்றது. பிறகு தொண்ணூற்றேழில் தராசு முள் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், நின்ற இடத்திலேயே நின்றது. அக்காவின் கையில் இயந்திரத்தைப் பூட்டும் இரத்தக்குழாய் ஏற்கெனவே இரண்டு முறை அடைபட்டிருந்தது. இன்னொரு முறை அடைபட்டால் என்ன என்று கேட்டேன். வைத்தியர் என் எடைச் சீட்டை எடுத்து, தொண்ணூற்றிரண்டு என்று எழுதி வட்டம் போட்டார்.

அதே சத்திரசிகிச்சை செய்துகொண்டு, தினமும் காலையில் மூச்சைப் பிடித்தபடி தராசில் ஏறும் சகபாடிகளே, இது உங்களுக்காக.

சும்மா பிஸ்கட்

முள் நின்ற மூன்றாவது வாரம் போஷாக்கு ஆலோசகர் தர்சினியிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் வயதில் பாதி இருக்கும். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு கட்டத்தில் எடை நிற்பது வழக்கம், உடம்பு குறைந்த சாப்பாட்டுக்குப் பழகிக்கொள்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று சொல்கிறவர்களைச் சந்தேகிப்பது என் தொழில். வாயில் போவதையெல்லாம் ஒரு வாரம் எழுதி வரச் சொன்னார்.

எழுதத் தெரியாதவனா நான்? நேரம், இடம், அளவு என்று ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போய் வைத்தேன். ரோல்ஸை அடியோடு விட்டுவிட்ட பெருமை எனக்கு. தர்சினி சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கோப்பை பால் தேநீர், அதுவும் தகரத்தில் வரும் இனிப்பான ரின்பால் ஊற்றியது. ஒரு நாளைக்கு நாலு கூட்டம். சின்ன இரைப்பைக்குள் ரோல்ஸ் போகாது, ஆனால் தேநீர் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்று விளக்கினார். கடைசிப் பக்கத்தில் பேனை நின்றது.

"ஐயா, எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள். 'சும்மா பிஸ்கட்' எண்டு ஒண்டு கிடக்குது, அதுதான் விளங்கேல்ல. சும்மா எண்டா எத்தினை?"

சாப்பிடாத நிருபர்

தேநீரையும் பிஸ்கட்டையும் நிறுத்தினேன். முள் அசையவில்லை. ஆனால் தொழிலில் ஒரு சிக்கல் வந்தது. பல்லேகல மைதானத்தில் ஒரு போட்டி பற்றிய செய்தியாளர் சந்திப்பு. ஏற்பாட்டாளர் தட்டை நீட்டினார், நான் வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை அவரே கொண்டுவந்தார், மறுபடியும் வேண்டாம் என்றேன். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் தொழிலில் தட்டைத் தொடாத நிருபர் என்றால் நாளைக்கு வில்லங்கமாக எதையோ எழுதப் போகிறவர் என்று அர்த்தம். "கோவமா சேர்? ஏதும் கேள்விப்பட்டீங்களா?" என்று காதோடு கேட்டார். அவர் அப்படிப் பயந்ததில், கேள்விப்பட ஏதோ இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் தட்டியது.

என்னோடு வந்த படப்பிடிப்பாளர் ரிஸ்வி குறுக்கே புகுந்தான்.

"பயப்படாதீங்க சேர், அவர் நல்லாத்தான் எழுதுவார். அவருக்கு வகுறு கொஞ்சந்தான் ஈக்கி. அவர்ட பங்க இந்தப் பக்கம் வைங்க."

கொழுந்து மடுவத்தில்

முள் நின்ற ஆளுக்கு எந்தத் தராசைக் கண்டாலும் கால் அரிக்கும். நகரத்தில் நான் ஏறாத பார்மசித் தராசு இல்லை. ஒன்றில் தொண்ணூற்றாறரை காட்டியதால் அந்தக் கடைக்கு மூன்று முறை போனேன். நீங்களும் போயிருப்பீர்கள்.

ஆறாவது வாரம் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் அளவுக்கு மேல் கிலோ கழிக்கிறார்கள் என்று பெண்கள் முறைப்பாடு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, வெட்கத்தை விட்டு, தொங்கிய தராசின் கொக்கியைப் பிடித்துக் காலைத் தூக்கினேன். பெண்கள் கூவினார்கள். தொண்ணூற்றேழு. அக்காவை அறிந்ததால் என் கதையும் தெரிந்த கணக்கப்பிள்ளை, "சார், சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு நாலு கழிச்சா தொண்ணூத்திரெண்டு. போட்டுக்கிறவா?" என்றார். மடுவமே சிரித்தது. கூடையை இறக்கிவிட்டு நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயாகிட்ட மட்டும் கேட்டுக் கழிக்கிறீங்க. எங்க கொழுந்துக்கு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

நான் கழித்த தண்ணீர்

அவள் சொன்னதைத்தான் செய்திக்குத் தலைப்பாக வைத்தேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் தலைக்குள் ஓடியது வேறு: தண்ணிக்கு நாலு.

அடுத்த வாரம் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் எனக்கு நிறுவையும் பரிசோதனையும் இருந்தது. முதல் நாள் விடிந்ததிலிருந்து தண்ணீரைத் தொடவில்லை. இரைப்பை சுருங்கியவர்களுக்குத் தெரியும், நாம் ஒரே மூச்சில் குடிக்க முடியாது, நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடித்தால்தான் உடம்புக்குப் போதும். அந்த மிடறுகளையும் கழித்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போது கண் இருட்டியது, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். தராசில் தொண்ணூற்றைந்தே கால். தாதி சிரித்தார், நானும் சிரித்தேன். இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வைத்தியர் கூப்பிட்டார். சிங்களவர், மலையகத்தில் வேலை செய்து நல்ல தமிழ் பழகியவர். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு என் இரத்தத்தில் ஏறக்கூடாத உயரத்துக்கு ஏறியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுவரைப் பார்க்கும் எத்தனையோ பேரை நான் பேட்டி கண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சுவரை நான் பார்த்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. பரிசோதனைக் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இந்த ரிப்போட்ட வச்சிக்கிட்டு, ஒங்க சிறுநீரகத்த ஒங்க அக்காவுக்கு எடுக்கிறதா, ஒங்களுக்கே விட்டு வைக்கிறதான்னுதான் நான் யோசிக்கணும்."

அரை லீட்டர்

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. தள்ளிப்போனது அவளுடைய உயிர். டயலிசிஸ் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல் ஒரே குரலில் சொல்லி முடித்தேன். அவளுடைய கையில் பூட்டிய குழாயில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பார்த்து எழுதினால் விடைத்தாளை எப்படிப் பார்ப்பாளோ அப்படி என்னைப் பார்த்தாள்.

இயந்திரத்தில் இருக்கிறவர்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது. குடிப்பது வெளியே போகாது, நெஞ்சில் ஏறும். அக்கா ஒரு சின்னப் போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எனக்கு ஒரு நாளைக்கு அரை லீட்டர் தம்பி. ராவெல்லாம் நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். குடிக்க முடிஞ்ச ஆளு நீ, குடிக்காம வந்து எங்கிட்ட கத சொல்ற."

ஏறிய கிலோ

மறுபடி குடிக்கத் தொடங்கினேன். முள் அசைந்தது, மேல் பக்கமாக. தொண்ணூற்றெட்டு. தராசைத் தூக்கிக்கொண்டு தர்சினியிடம் ஓடினேன். அது போன தண்ணீர் திரும்பி வந்தது, கொழுப்பு இல்லை என்றார். எட்டு மாதத்துக்கு முன்பு, சத்திரசிகிச்சை முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியதையே அவரும் சொன்னார்: முதலில் முட்டை, மீன், பருப்பு, பிறகு மற்றது, தண்ணீர் சாப்பாட்டோடு அல்ல, இடையில், நடந்தால் மட்டும் போதாது, கைக்கும் காலுக்கும் பாரம் கொடுக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். நான் எதிர்பார்த்துப் போன புதிய தந்திரம் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு அம்பிட்டிய ஏற்றத்தில் நடந்தேன். என் காற்சட்டையின் இடுப்பு தளர்ந்தது, ஆனால் முள் தளரவில்லை. இதற்கிடையில் அக்காவின் கைக் குழாய் மூன்றாவது முறையாக அடைபட்டு, கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டார்கள். அன்றைக்கு நான் ஐந்து முறை தராசில் ஏறினேன்.

கேள்விப்பட்ட தர்சினி கையை நீட்டினார்.

"ஐயா, அந்தத் தராசை என்னட்டத் தந்திட்டுப் போங்கோ. மாசத்தில ஒருக்கா வந்து ஏறலாம், நான் அடகு வைக்க மாட்டன்."

முந்நூறு கிராம்

மூன்று மாதம் போனது. முதல் மாதம் தொண்ணூற்றேழு. இரண்டாவது மாதம் தொண்ணூற்றைந்து. மூன்றாவது மாதம் வைத்தியருக்கு முன்னால் ஏறினேன். தொண்ணூற்றிரண்டுக்கு மேல் முந்நூறு கிராம். அக்கா கழுத்துக் குழாயோடு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வைத்தியர் தராசைப் பார்க்கவில்லை. என் மூன்று மாத இரத்தப் பரிசோதனைகளை வரிசையாக மேசையில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக நகர்த்தினார். எல்லாம் சீராக இருந்தன. முந்நூறு கிராமுக்காக இன்னொரு மாதம் தள்ள முடியாது என்று மாற்றுச் சிகிச்சைக்குத் திகதியைக் குறித்துத் தந்தார்.

வெளியே வந்து திகதிச் சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். கணக்கு டீச்சர் அழவில்லை.

"திகதி வந்திருச்சின்னு பழையபடி திங்க ஆரம்பிச்சிராத தம்பி. குடுத்த பெறகு ஒனக்கு மிஞ்சப் போறது ஒண்ணே ஒண்ணு."

எடை நகராமல் நிற்கும் காலத்தில் மிக வேகமாக நகர்வது நம்முடைய புத்திதான், அதுவும் பெரும்பாலும் பிழையான பக்கமாக.