கோமளாவை நான் எடுத்த படம்

எனக்கு எண்பது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. கணக்கு இடிக்கிறதே என்று யோசிக்காதீர்கள். ஐந்தாவது என் புருஷனின் தங்கை கோமளா. நான் கல்யாணமாகிப் பண்ருட்டிக்கு வந்தபோது அவள் தாயில்லாத ஏழு வயதுப் பிள்ளை. பேன் பார்த்தது நான். சடை பின்னியது நான். அவள் பெரிய மனுஷியானபோது புட்டு சுற்றியதும் நான்தான்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் பலகை படிக்க வரும், அதோடு சரி. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகள் வயிற்றுப் பேத்தி மலர். "பேசுறாப்புல எழுதி வைக்காத, புஸ்தகத்துல இருக்கறாப்புல எழுது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். படிக்கத் தெரியாதவள் சொன்னது என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

போன வாரம் சிதம்பரம் போயிருந்தோம். கோமளாவின் பேரனுக்கு நிச்சயதார்த்தம், அண்ணாமலை நகர் வீட்டில். ஹாலில் கோமளா படத்துக்குப் பெரிய மாலை போட்டிருந்தார்கள். பையனும் பெண்ணும் முதலில் அந்தப் படத்தின் முன்னால்தான் விழுந்து கும்பிட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மாலையில் மரிக்கொழுந்து வாசம். எனக்கு அந்த வாசம் ஆகாது. ஏன் ஆகாது என்று சொல்கிறேன்.

மலருடைய அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில். இரண்டாயிரத்து நான்கு. அதற்கு முந்தின வருஷம்தான் என் வீட்டுக்காரர், இவளுடைய தாத்தா, போய்ச் சேர்ந்திருந்தார். தாரை வார்த்துக் கொடுக்கக் கோமளாவும் அவள் புருஷனும் மணையில் உட்கார்ந்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, உலக வழக்கம் அப்படி. தாலி ஏறியதும் போட்டோகாரன் குடும்பத்தை எல்லாம் மேடைக்குக் கூப்பிட்டான். நானும் ஏறினேன். பெற்றவள் இல்லையா? பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்று முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அப்போது கோமளா சொன்னாள். சத்தம் போட்டெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மொத படம் மங்களமா இருக்கட்டும்."

போட்டோகாரன் கையை ஆட்டினான். "ஆயா, இன்னும் கொஞ்சம். இன்னும். கீழ எறங்கிடுங்க ஆயா."

இறங்கி நான் நின்ற இடத்தில் மாலைக் கூடை இருந்தது. கூடை நிறைய மரிக்கொழுந்து. முதல் படம் எடுத்தார்கள், இரண்டாவது எடுத்தார்கள், அப்புறம் சம்பந்தி வீட்டார் ஏறினார்கள், பந்திக்குக் கூப்பிட்டார்கள். என்னைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆல்பம் வந்ததும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். சமையல்காரர் இருக்கிறார். வாசலில் படுத்திருந்த நாய்கூட இருக்கிறது. பெண்ணைப் பெற்றவள் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. என்னுடையதுதான், வளையல் இல்லாத கை.

அன்றைக்கு நான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். மூன்று தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் வைத்துக்கொண்டேன். சிலர் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள், நான் அதை வைத்துப் பூட்டினேன்.

கையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? என் விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். முந்திரிக் கொட்டை உடைத்த கை. அந்த ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு, பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். வருஷக்கணக்கில் உடைத்தால் விரலில் உணர்ச்சியே இருக்காது. சுடுசோற்றைப் பிசைந்தாலும் சுடாது. கோமளா டைப்ரைட்டிங் படித்தது அந்தக் கை சம்பாதித்த காசில். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு, அவள் வீட்டுக்கு ஆள் வந்தால், "அண்ணி, கைய முந்தானைக்குள்ள வச்சிக்கிங்க" என்பாள்.

இந்தக் கையால்தான் கேமரா கதையும் வந்தது.

பண்ருட்டியை விட்டுக் கடலூர் செம்மண்டலத்தில் என் கடைசிப் பையன் செல்வத்தோடு குடியிருந்தேன். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டாயிரத்து எட்டில் லீவில் வந்தவன், குழந்தையைப் படம் பிடிக்கக் கேமரா வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தான். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அவனுடைய சிநேகிதன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்ன கேமரா கொண்டு வந்திருந்தான். புத்தம் புதுசு, வெள்ளிக் கலர், பவுடர் டப்பாவை நசுக்கின மாதிரி தட்டையாக இருக்கும். மருமகள் கவிதாவுக்கு அதுதான் வேண்டும். செல்வத்துக்கோ, திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாஷா பாயின் பெரிய கேமரா மேல் கண். பாய் புது மாடலுக்கு மாறிவிட்டதால் பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார். இரண்டையும் ஒரு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தார்கள்.

"பெருச யாரு தூக்குறது? கொழந்தயத் தூக்குவனா, இதத் தூக்குவனா?" என்றாள் கவிதா.

"அது பழசா இருந்தாலும் கண்ணு நல்ல கண்ணு, கவி. படத்த செவுரு அளவுக்குப் பெருசாக்கினாலும் தாங்கும்."

"செவுரு அளவுக்கு யாரு மூஞ்சிய மாட்டப் போறீங்க?"

"ஓன் மூஞ்சியத்தான்."

அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டே குழந்தையைத் தூங்கப் போட்டார்கள். நான் சும்மா சின்னதை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனேன். வெயிலில் அதன் திரையில் ஒன்றுமே தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. அமுக்குகிற பட்டன் எறும்பு மாதிரி இருந்தது. என் விரலுக்கு அது பட்டனா வெறும் தகரமா என்றே தெரியவில்லை. குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பாக்கியம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். அம்மிக் குழவி கனம். ஒரு கண்ணை மூடி ஓட்டையில் மறு கண்ணை வைத்தால் குழாயடி முழுக்க உள்ளே நின்றது. பட்டன் என் விரலுக்கு ஏற்றபடி குண்டாக இருந்தது. அமுக்கினால் டக்கென்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் பாக்கியம் பாதி வசவில் நிறுத்திவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, இரு இரு, தலய சரி பண்ணிக்கிறேன்" என்றாள். தெருவே என்னைப் பார்த்து நேராக நின்றது. "கொஞ்சம் தள்ளி நில்லுடி" என்று சொல்லிப் பார்த்தேன். நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

கேமரா கையில் இருந்தால் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லலாம் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை பாருங்கள்.

வீட்டுக்கு வந்து, "பெருச வாங்கு செல்வம்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கும்மா? நீ என்னா எடுக்கப் போற?"

"அது என் பாடு."

சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பெரியதையே வாங்கினான். கவிதா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், அவள் அண்ணன் அந்தச் சின்னதை வாங்கிக் கொடுத்த பிறகுதான் இறங்கினாள். பாஷா பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "மூச்ச அடக்கிக்கிட்டு அமுக்குங்கம்மா. வெளிச்சம் ஓங்க முதுகுப் பக்கம் இருக்கணும், அவங்க மூஞ்சியில உழணும்." கடல் காற்றுக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்று சொன்னதால், அரிசி கட்டிய துணி மூட்டையோடு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினேன். இன்றைக்கும் பழைய அரிசி வாசம் வந்தால் எனக்குக் கேமரா ஞாபகம்தான் வரும்.

அந்த வருஷமே கோமளாவின் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. கோமளாவுக்குக் கை இறுக்கம். செல்வத்திடம் கேமரா இருக்கும்போது போட்டோகாரனுக்கு எதற்குத் தண்டம் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். செல்வமோ லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விட்டான். சிதம்பரத்துக்குப் போனது நானும் கவிதாவும் இரண்டு கேமராவும்.

கோமளா வாசலிலேயே கேட்டாள். "என்ன அண்ணி, செல்வம் எங்க?"

"செல்வம் போயிட்டான். கேமரா வந்திருக்குது."

"யாரு எடுப்பாங்க?"

"நாந்தான்."

என் கறுத்த விரலைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள். வேறு வழி இல்லை. ஹோமம் முடிந்தது, மாலை மாற்றினார்கள். குடும்பத்தையெல்லாம் கூடத்தில் நிற்க வைத்தேன். வெளிச்சம் முதுகில் விழ வேண்டுமே, நான் வாசற்படியில் நின்றேன். கோமளா பட்டுப் புடவையும் பெரிய தங்க ஃபிரேம் கண்ணாடியுமாக நடுவில் நின்றாள். அந்தக் கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவாள், படித்த களை வருமாம்.

நான் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"கோமளா, நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

நின்றாள்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். அந்த நாற்காலி அடுக்கு கிட்ட போயிடு."

"ஏன் அண்ணி, வெளிச்சம் சரியில்லயா?"

"மொத படம் நல்லா இருக்கட்டும்."

டக். புருஷனும் பிள்ளைகளும் மருமகளும் பேரனும் இருக்கிறார்கள், மனைவி இல்லாத அறுபதாம் கல்யாணப் படம். கூடத்தில் நாலு பேர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். கோமளா சிரிக்கவில்லை. நாற்காலி அடுக்குக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அது போதும் எனக்கு. ஆனால் நான் நிறுத்தவில்லை. எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, "இப்ப நீ மட்டும் வா, தனியா ஒண்ணு" என்று கூப்பிட்டேன். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு சொன்னத இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க?"

"எத சொல்ற? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயே. ஆடாம நில்லு."

டக்.

அதற்குப் பிறகு அவளோடு எல்லாரையும் சேர்த்தும் ஒன்று எடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பெரிய கும்பலில் அவள் முகம் கடுகத்தனை இருக்கும். கவிதா தன் சின்னதில் பந்தியில் ஒரு படம் எடுத்தாள். கோமளா வடையைப் பாதி கடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு இருப்பாள்.

மூன்று வருஷம் போயிற்று. பலாப்பழ சீசனில் கோமளாவுக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்தது. காரியத்துக்கு முன்னால் அவள் புருஷன் செம்மண்டலத்துக்கு வந்தார். அவர் தங்கமான மனுஷன், என்னை அக்கா என்பார்.

"மாலை போட ஒரு படம் இல்லக்கா. எல்லாத்துலயும் கும்பலோட இருக்கா. நீங்க தனியா ஒண்ணு எடுத்தீங்கல்ல?"

எடுத்திருந்தேன். கவிதாவின் வடைப் படமும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைத்தான் கொடுக்க நினைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தத் திறந்த வாயைக் கும்பிடட்டும் என்று நினைத்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு பாஷா பாயின் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாய் முதலில் வடைப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "இது ஆவாதும்மா. சின்ன கேமராவுல எடுத்தது, இவ்ளோ பெருசு தாங்காது" என்றார்.

பிறகு என்னுடையதைப் பெரிதாக்கினார். புருவத்து முடி தெரிந்தது. மூக்குத்தியின் கல் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார். அவளுடைய மூக்குக்கண்ணாடியில் வாசற்படி தெரிந்தது. வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே, கையை முகத்துக்கு உயர்த்திக்கொண்டு, புடவை கட்டிய ஓர் உருவம். இந்தக் கண்ணில் ஒன்று, அந்தக் கண்ணில் ஒன்று.

கோமளாவின் புருஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய்தான் சொன்னார்.

"கண்ணாடியில ஏதோ நெழல் விழுந்திருக்குதும்மா. அழிச்சிட்டுத் துப்புரவா போட்டுரட்டுமா?"

"தொடாதீங்க பாய்."

"ரெண்டு நிமிஷ வேலதாம்மா."

"கண்ணுல கை வச்சா ஆளே மாறிப் போயிடுவா. அப்படியே போடுங்க."

அப்படியே போட்டார், ஒரு முழ உயரத்துக்கு. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் படத்துக்குத் தினமும் பூ, விளக்கு. படத்தின் கண்ணாடி மேல் நெற்றிக்கு நேராகச் சந்தனம், குங்குமம். கல்யாணம், காதுகுத்து, நிச்சயதார்த்தம் எது என்றாலும் முதல் கும்பிடு அங்கேதான். "பாட்டி மொகத்துல என்னா ஒரு சாந்தம்" என்பார்கள். சாந்தமாவது ஒன்றாவது, அது மாட்டிக்கொண்டவள் முழி. யாரை மங்களத்துக்கு ஆகாது என்று கீழே இறக்கி விட்டாளோ, அவளைத் தன் கண்ணுக்குள்ளேயே நிறுத்தி வைத்துக்கொண்டு கோமளா கும்பிடு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கோமளா செத்த வருஷக் கடைசியில் அடித்த புயலில் கூரைத் தகடு பறந்து, பிஸ்கட் டின்னுக்குள்ளேயே தண்ணீர் போய்விட்டது. பெரிய கேமரா அதோடு சரி. படங்களை ஏற்றி வைத்திருந்த கம்ப்யூட்டரும் போயிற்று, மற்ற படமெல்லாம் அதோடு போயிற்று. கோமளா இல்லாமல் நான் எடுத்த அந்த முதல் படமும் போயிற்று, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பண்ருட்டிப் பக்கம் நான் கொட்டை உடைத்த தோப்பில் ஒரு மரம் மிச்சமில்லை. பாஷா பாயும் இல்லை, ஸ்டுடியோ இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். சின்ன கேமராவின் பேட்டரி உப்பி, அதைக் குழந்தைகள் சோப்பு டப்பா என்று விளையாடித் தொலைத்தார்கள். இப்போது எல்லார் கையிலும் போன். போன வாரம்கூட மலர் என்னை இழுத்து, "ஆயா, நீ நடுவுல நில்லு" என்று தன் போனில் ஒன்று எடுத்தாள். தள்ளி நில் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. அதைச் சொன்னவளும் இல்லை. படத்தைப் பார்த்து முகம் சுண்ட வேண்டியவளே பார்க்காமல் போய்விட்டாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவள் இல்லாவிட்டால் என்ன, அவள் வீட்டார் இருக்கிறார்கள்.

மலர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "ஆயா, சிதம்பரம் தாத்தா வீட்ல இத படிப்பாங்களே?" என்கிறாள்.

படிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். படித்துவிட்டு நாற்காலி போட்டு ஏறி, மாலையை ஒதுக்கி, அந்தக் கண்ணாடிக்குள் பார்க்கட்டும். இதையும் எழுது. எழுதிவிட்டாயா? சரி, இப்போது முதலிலிருந்து படி. உன் அம்மா கல்யாணத்தில் என்னைத் தள்ளி நிற்கச் சொன்ன இடம் வரும் பார், அங்கே மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.