ஊதுவத்திக் கிண்ணம் கடைசியில் ஏறும்

சைகோனில் எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. அதனால் சாமான் பெயர்க்கும் ஆட்கள் லாரியைப் பெரிய தெருவிலேயே நிறுத்திவிட்டு, பச்சைச் சட்டையும் தள்ளுவண்டியுமாக, விடிந்ததும் லியூவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். காசைக் கொடுத்துவிட்டால் ஒரு வீட்டையே கண்ணெதிரில் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிற கெட்டிக்காரர்கள். தம்ளர்களைத் தாளில் சுற்றினார்கள், அலமாரிக்குக் கம்பளி போர்த்தினார்கள். சரக் சரக்கென்று டேப் கிழிபடும் சத்தம்.

லியூவுக்குத்தான் ஒரு வேலையும் இல்லை. சந்து முனையில் அடுப்பு போட்டு, நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் விற்றே காலத்தை ஓட்டியவள். எங்களில் பாதிப் பேர் வளர்ந்ததே அவள் தட்டில்தான். அப்பேர்ப்பட்டவளை, "அத்தை, நீங்க சும்மா உட்காருங்க" என்று ஒரு பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டார்கள். சும்மா உட்கார்ந்தால் மனசு சும்மா இருக்குமா?

அலமாரி நகர்ந்த இடத்தில் தரை ஓடுகள் புதுச் சிவப்பாக இருந்தன. அவள் கல்யாணமாகி வந்தபோது வீடு முழுக்க அந்தச் சிவப்புதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டில் வாசலைத் தாண்டியபோது அதன் மேல் கியெட் இன்னும் புரண்டு படுத்திருப்பதாகத் தோன்றியது. எழுந்திருங்க, கட்டிலைத் தூக்குறாங்க என்று மனசுக்குள்ளேயே சொன்னாள். புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகியும் அவனை எழுப்புகிற வேலை அவளை விடவில்லை.

வீடு காலியானது. சுவரில் கியெட்டின் படமும், அதன் முன்னால் சாம்பல் நிறைந்த ஊதுவத்திக் கிண்ணமும் மட்டும் மிச்சம்.

"இதை நாங்க தொட மாட்டோம் அத்தை. நீங்கதான் மடியில வெச்சு எடுத்துட்டு வரணும்" என்றான் சாங். அந்த ஆட்களுக்கு மேஸ்திரி அவன்.

எடுப்பதற்கு முன் செத்தவரைக் கேட்க வேண்டும். இரண்டு செப்புக்காசு, ஒரு பக்கம் வெள்ளை பூசியது, மறுபக்கம் கறுத்துப்போனது. தட்டில் போட்டால் ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழ வேண்டும். வருகிறேன் என்று அர்த்தம். இரண்டும் ஒரே நிறமானால் வரமாட்டேன். மூன்று தரம்தான் கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் அவர் இந்த வீட்டோடு நின்றுவிடுவார். வீட்டை வாங்கியவனோ நாளைக்கே இடிக்கப் போகிறான்.

முதல் தரம் இரண்டும் வெள்ளை. அடுத்த தரம் இரண்டும் கறுப்பு.

மகன் வின் கடிகாரத்தைப் பார்த்தான். உச்சிக்கு முன் புது வீட்டில் கால் வைக்க வேண்டும். "அப்பா சும்மா விளையாடுறாரும்மா. கிண்ணத்தை எடுங்க, போலாம்."

"அவர் வராம நான் வரமாட்டேன்டா. நீ போ."

சொன்னால் சொன்னதுதான், அவள் பிடிவாதம் ஊரறிந்தது. வின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

சாங் மெல்லக் கேட்டான்: "என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க அத்தை?"

"நல்ல வீடு, நல்லா காத்து வரும்னு சொன்னேன்."

"எந்த மாடின்னு சொன்னீங்களா?"

லியூ திருதிருவென்று விழித்தாள். "அது... சொல்லலை."

வின் சிரித்துவிட்டான். கியெட்டுக்கு உயரமென்றால் உயிரே போய்விடும். பரணில் ஏறியதில்லை, பல்பு மாற்றுவதுகூட லியூதான். பாலம் வந்தால், அவள் ஓட்டும் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அவள் சட்டையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வான்.

அவள் படத்துக்கு நேரே நின்றாள். "பொய் சொல்லிக் கூப்பிட்டேன், தப்புதான். பதினாலாவது மாடிங்க. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா தலை சுத்துது. உங்களுக்கு மட்டும்தான் பயமா? எனக்கும் பயம்தான். அங்க எனக்கு ஒரு முகமும் தெரியாது. வாங்களேன்."

காசைப் போட்டாள். ஒன்று வெள்ளையாகத் தட்டில் நின்றது. மற்றது தட்டைத் தாண்டி ஓடியது. வேறு நாளாக இருந்தால் கட்டில் காலோ அலமாரியோ தடுத்திருக்கும். அன்றைக்குத் தடுக்க என்ன இருந்தது? வெயில் விழுந்த வெறுந்தரையில் அவசரமே இல்லாமல் உருண்டு, வாசல்படியில் குதித்து, சந்துச் சரிவில் இறங்கிப் போனது. தள்ளுவண்டி பிடித்து நின்ற ஆள் ஒருவன், பாவம், சட்டென்று குனிந்து எடுத்துவிட்டான்.

"ஐயோ, எந்தப் பக்கம் விழுந்துதுன்னு பார்த்தியா?" என்று சாங் கத்தினான்.

"பார்க்கலையே!"

மூன்று தரமும் முடிந்துவிட்டது. லியூ வாசலில் வந்து நின்று, சந்தின் கோடியில் தெரிந்த லாரியைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"பார்த்து என்ன ஆகணும்? சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட எழுந்து வராத மனுஷன், எனக்கு முன்னாடி கிளம்பிட்டார். கிண்ணத்தை எடுடா வின், சிவப்புத் துணியைக் கொண்டா."

லாரியின் முன் சீட்டில், மடியில் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். சந்து பின்னால் போயிற்று. திடீரென்று எதிரே பாலம் எழுந்தது.

"பாலம் வருதுங்க. கண்ணை மூடிக்குங்க" என்றாள்.

லாரியை ஓட்டிய சாங் வேகத்தைக் குறைத்தான்.

அத்தனை வருஷமும் வண்டி ஓட்டியவள் அவள். பாலத்தின் மேல் கண்ணை மூடிக்கொள்ள அவளுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. இன்றைக்குக் கிண்ணத்தை இறுக அணைத்து அவளும் மூடிக்கொண்டாள்.