கை நனைக்காத ஜூடித் டீச்சர்

யார் வீட்டிலும் கை நனைக்காத ஒருவர் எல்லார் வீட்டுக்கும் வேண்டியவராக எப்படி இருக்க முடியும்? காக்ஸ் டவுனில் ஜூடித் டீச்சரை அறிந்தவர்கள் எப்போதாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். சிலர் கோபத்தில் கேட்டார்கள், சிலர் வேடிக்கையாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு முத்தம்மா முதன்முதலில் கேட்டது கோபத்தில்தான்.

ஜூடித் 1993இல் அந்தக் காம்பவுண்டுக்குக் குடிவந்தார். பழைய ஓட்டு வீடு ஒன்றை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் முத்தம்மா, ஆட்டோ ஓட்டும் அவர் கணவர் பச்சைமுத்து, மகள் சங்கமித்ரா. மறு பாதியில் ஜூடித் மட்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முத்தம்மா கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்த்தார். மாமனார் காலத்திலேயே பௌத்தரான குடும்பம் அது. கூடத்தில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன.

பொங்கலுக்கு முத்தம்மா கொடுத்த வடையை ஜூடித் வேண்டாம் என்றார். சங்கமித்ராவின் பிறந்தநாளுக்குக் கொடுத்த கேசரியையும் வேண்டாம் என்றார். புத்த பூர்ணிமாவன்று டம்ளர் நிறைய சேமியா பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தபோது மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அப்புறம் குடிக்கிறேன் முத்தம்மா" என்றார். அன்று சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போன முத்தம்மா, அந்தப் பாயசத்தை ஜூடித் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டார்.

சாப்பாட்டை மறுப்பதற்கு நம் ஊர்களில் நெடுங்காலமாக ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்துவந்திருக்கிறது. அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முத்தம்மாவின் அம்மா வேலை செய்த வீடுகளில் அவருக்கென்று ஒரு டம்ளர் கொல்லைப்புற மாடத்தில் கவிழ்ந்து கிடக்கும். மதம் மாறினால் என்ன, சாதி மாறாது போலிருக்கிறது என்று முத்தம்மா நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. டம்ளர் திரும்பி வந்தபோது மட்டும் புளி போட்டு இருமுறை தேய்த்தார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், முத்தம்மாவோடு தையல் வேலை செய்யும் சாந்தகுமாரி ஒரு செய்தி கொண்டுவந்தார். அவரும் அதே சர்ச்சுக்காரர்.

"உங்க டீச்சர் கேக் சாப்ட்டாங்க, தெரியுமா? பாஸ்டரம்மா தன் கையால ஊட்டிவிட்டாங்க. இத்தினி வருசத்துல இப்பத்தான் பாக்குறேன்!"

காம்பவுண்டுக்கு ஒரே குழாய். அன்றே ஜூடித் குடத்தோடு வந்தபோது முத்தம்மா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

"பாஸ்டரம்மா வூட்டு கேக்கு மட்டும் எறங்குச்சா டீச்சர்? எங்க வூட்டு பாயசம் மரத்துக்குத்தான் லாயக்கா?"

ஜூடித்தின் முகம் வெளுத்தது. அவர் உதடு அப்போதே தடிக்கத் தொடங்கியிருந்ததை முத்தம்மா கோபத்தில் கவனிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பாதிக் குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஒரு வார்த்த பதில் சொன்னா கொறஞ்சா பூடுவாங்க?" என்று முத்தம்மா கணவரிடம் கொதித்தார்.

"வுடு. நமக்கு இன்னா, அவங்க சோறா போடுறாங்க?" என்றார் பச்சைமுத்து.

மறுநாள் காலை தண்ணீர் வரும் நேரத்துக்கு வரிசையில் ஜூடித்தின் குடம் இல்லை. அவர் குடம்தான் எப்போதும் முதலில் இருக்கும். முத்தம்மா கொஞ்ச நேரம் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் போடாத கதவு திறந்துகொண்டது. ஜூடித் தரையில் சுருண்டு கிடந்தார். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

பச்சைமுத்துவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குளுக்கோஸ் இறங்கி, மத்தியானம் பேச முடிந்தபோது ஜூடித் சொன்ன முதல் வார்த்தை, "கேக்."

"கேக்குக்கு இன்னா?"

"முட்டை, பால், மைதா. மூணும் எனக்கு ஒத்துக்காது. எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க, பாஸ்டரம்மா வாய்ல வச்சிட்டாங்க. துப்ப முடியல."

முத்தம்மாவுக்குக் கணக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப எங்க வூட்டு பாயசம்?"

"அதுவும் பாலும் சேமியாவும்தானே. குடுத்த உங்க முகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்ல முடியல. அதான் வாங்கிட்டேன்."

"இத வந்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா டீச்சர்? நான் இன்னான்னு நெனச்சுக்கினு இருந்தேன் தெரியுமா?"

"தெரியும்" என்றார் ஜூடித். "நேத்து குழாயடியில தெரிஞ்சுது. சொன்னா யாரு நம்புறாங்க முத்தம்மா? கொஞ்சூண்டு சாப்பிடு, ஒண்ணும் ஆவாதுன்னு வாய்ல வைப்பாங்க. சின்ன வயசுலேருந்து இதேதான்."

இதை ஜூடித்தின் பெருமையாகச் சொல்வதற்கில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாதவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் காயப்படுத்துகிறார். அவரைப் பற்றிப் பாராட்டிச் சொல்ல வேண்டியதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் அவர் தன் வயிற்றையே ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். சிவப்பரிசிக் கஞ்சியும் உப்பும் மட்டும் சாப்பிட்டு வயிறு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்தார். ஒன்றைச் சேர்த்தால் அதன் பதில் தெரியும்வரை இன்னொன்றைச் சேர்ப்பதில்லை. கேழ்வரகு ஒத்துக்கொண்டது. கீரை, தேங்காய், பூசணி ஒத்துக்கொண்டன. பால் ஆகாது, முட்டை ஆகாது, கடலை மாவு ஆகாது. உளுந்து வடை வயிற்றைப் புரட்டியது, அதே உளுந்து புளித்து இட்லியாக வந்தால் ஒன்றும் செய்யவில்லை. இந்த இடத்தில் ஜூடித் நின்று யோசித்தார். பொருள் ஒன்றுதான், இடையில் கழிந்த நேரம்தான் வேறு. அப்படியானால் சப்பாத்தியாகச் சாப்பிட்டால் வயிற்றைக் கல்லாக்கும் கோதுமையையும் புளிக்க வைத்துப் பார்த்தால் என்ன? டாக்டரிடம் கேட்டார். "கொஞ்சமா தொடங்கிப் பாருங்க, ஏதாவது பண்ணினா உடனே வாங்க" என்றார் டாக்டர்.

கோதுமையைக் கோவிந்தப்பாவின் மாவு மில்லில் அரைத்தார். முந்தின நாள் அரைத்த கடலை மாவு கல்லில் ஒட்டியிருக்கும் என்பதால், மில் திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் தன் பையிலிருந்து அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்வார். அந்த அரிசி மாவு கோலத்துக்கு. அதற்குப் பிறகுதான் கோதுமை. டீச்சர் வந்து தன் மிஷினைக் குளிப்பாட்டினால்தான் தனக்குப் பொழுது விடிகிறது என்று கோவிந்தப்பா கன்னடத்தில் கிண்டல் செய்வார்.

அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, வாயில் மெல்லிய துணி கட்டி வைத்தார். தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்ப்பார். முதலில் அடித்த நாற்றத்துக்கு முத்தம்மா நடுச்சுவரைத் தட்டி, "எலி எதுனா செத்துப் பூச்சா?" என்று கேட்டார். பிறகு அது பழுத்த வாழைப்பழ வாசனைக்கு மாறியது. மாவு தானாகவே பொங்கிக் குமிழிவிட்டது.

அதை ரொட்டியாகச் சுடுவதற்குத்தான் வழியில்லை. ஜூடித்திடம் ஓவன் கிடையாது. ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "உங்க பிரியாணி டேக்சா கிடைக்குமா?" என்று கேட்டார்.

கனத்த அலுமினிய டேக்சா அது. முத்தம்மா அதைப் பரணிலிருந்து இறக்கும்போது ஒன்றை நினைத்துக்கொண்டார். தீட்டுப் பார்க்கிறவர் தன் சோற்றுக்கு நம் பாத்திரத்தைக் கேட்டு வரமாட்டார். ஆஸ்பத்திரியில் கேட்ட விளக்கத்தை அவர் அறிவு ஏற்றுக்கொண்டிருந்தது, மனம் ஏற்றுக்கொண்டது இந்த நிமிடத்தில்தான்.

டேக்சாவின் அடியில் மணல் பரப்பி, மேலே தட்டு வைத்து, ஜாடி மாவு சேர்த்துப் பிசைந்த உருண்டையை அதில் இறக்கி மூடி, தம் போடுவதுபோல மூடிமேல் கரி நெருப்பை அள்ளிப் போட்டார்கள். முதல் ரொட்டி கருகி, கல்லாகி வந்தது.

"காம்பவுண்டு சுவத்துல ஒரு கல்லு கொறையுது டீச்சர், வச்சிடலாம்" என்றார் முத்தம்மா. ஜூடித் வாய்விட்டுச் சிரித்து முத்தம்மா பார்த்தது அன்றுதான்.

பல ரொட்டிகளுக்குப் பிறகு ஒன்று சரியாக வந்தது. தட்டினால் காலிக் குடம்போல ஓசை கேட்டது. உள்ளே லேசான புளிப்பு. ஜூடித் முதல் நாள் விரல்நுனி அளவு தின்றார், அடுத்த முறை அதைவிடக் கொஞ்சம் கூட. வயிறு சண்டைக்கு வரவில்லை.

"என் வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடி மாவு இன்னொரு வயித்துல பாதி செரிச்சுட்டு வருது முத்தம்மா. இந்த ஜாடிதான் எனக்கு மூத்த வயிறு."

கேள்விப்பட்டு, வயிற்று வலிக்காரர்கள் சிலர் ரொட்டி கேட்டு வந்தார்கள். ஜூடித் கொடுக்க மறுத்தார். "என் வயிறு வேற, உங்க வயிறு வேற. மொதல்ல டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். தனக்குப் பலித்ததை ஊருக்கெல்லாம் மருந்தாக்கிவிடும் ஆசை பலருக்கு வரும். அவருக்கு அது வரவில்லை.

முத்தம்மாவுக்கு மட்டும் ஒரு ஆசை மிச்சமிருந்தது. தன் வீட்டில் இவர் ஒரு வாய் சாப்பிட வேண்டும். டீச்சர் வாங்கும் அதே கடையில் அதே சிவப்பரிசியை வாங்கி, புதுச் சட்டியில் கஞ்சி காய்ச்சி, பூசணிக் கூட்டு வைத்துக் கூப்பிட்டார். ஜூடித் வந்து உட்கார்ந்தார். சட்டியைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. சாப்பிடவில்லை.

"இதுல உங்களுக்கு ஆவாதது ஒண்ணுமே இல்ல டீச்சர்!"

"தெரியும் முத்தம்மா. இன்னைக்கு உங்க வீட்ல சாப்பிட்டா, நாளைக்கு எங்க வீட்ல ஏன் சாப்பிடலன்னு எல்லாரும் கேப்பாங்க. ஒரு வீட்டுக் கேக்கால என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? எல்லா வீட்லயும் ஒரே மாதிரி மறுத்தாத்தான் யாரையும் தாழ்த்தினதா ஆகாது. எனக்குத் தெரிஞ்ச மரியாதை இதுதான்."

முத்தம்மா சட்டியை மூடிவைத்தார். அதில் நியாயம் இருப்பது புரிந்தது. புரிந்தது என்பதற்காக வலி குறையவில்லை.

அந்த நியாயத்தை ஜூடித் வருடக்கணக்கில் கைக்கொண்டதுதான் ஆச்சரியம். காக்ஸ் டவுனில் அவர் போகாத கல்யாணம் இல்லை, சாவு இல்லை. முந்தின நாளே போய் வெங்காயம் உரிப்பார், பந்தியில் பரிமாறுவார், இலை எடுப்பார், கடைசி டேக்சா கழுவும்வரை இருப்பார். உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால், "எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியுமே" என்று இப்போது வாய்திறந்து சொல்வார். பாஸ்டர் வீட்டிலும் அதே வார்த்தை, கூலிக்காரர் வீட்டிலும் அதே வார்த்தை, அதே சிரிப்பு. எல்லாரும் போன பிறகு ஒரு ஓரமாக நின்று, துணிப்பையிலிருந்து தன் ரொட்டியை எடுத்துத் தின்பார். சாப்பாட்டால் உறவாடுவதுதான் வழக்கம் என்று இருக்கும் ஊரில், சாப்பாட்டை நீக்கிவிட்டு மிச்சமிருக்கும் எல்லா வழிகளாலும் உறவாடிக் காட்டினார் அவர். மைதாவைப் பற்றிச் சில சமயம் அளவுக்கு மீறிப் பிரசங்கம் செய்வார், கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆனாலும் அவரைக் கூப்பிடாத விசேஷம் ஒன்று அந்தத் தெருவில் நடந்ததில்லை.

2004இல் சங்கமித்ராவுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், மாப்பிள்ளையும் அங்கேதான். புத்தர் படத்தின் முன் விளக்கேற்றி, மாலை மாற்றி முடிந்ததும் காம்பவுண்டிலேயே ஷாமியானா போட்டுப் பந்தி. ஜூடித் வழக்கம்போல இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்க வந்தார். முத்தம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நீங்க பொண்ணு வூட்டு ஆளு. போய் ஒக்காருங்க."

"நான் சாப்பிட மாட்டேனே முத்தம்மா."

"ஒக்காரத்தான சொன்னேன். சாப்பிடச் சொன்னனா?"

பந்தி நடுவில் பச்சைமுத்துவின் அக்காவுக்குப் பக்கத்தில் ஜூடித் உட்கார்ந்தார். எல்லார் இலையிலும் சோறு விழுந்துகொண்டே வந்தது. அவர் இலை வந்ததும் முத்தம்மா தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, எதையும் வைக்காமல் அடுத்த இலைக்குப் போனார். ஒரு வாயாவது என்று கெஞ்சவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஜூடித் அந்த வெறும் இலையை நேராக்கிக்கொண்டார். பிறகு துணிப்பையைத் திறந்து, ரொட்டியை எடுத்து இலையில் வைத்து, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார். அத்தனை வருடங்களில் அவர் பந்தியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

கல்யாணச் சந்தடி அடங்கிய பிறகு ஒரு காலையில் ஜூடித் பின்வாசல் வழியாக வந்தார். கையில் மாவு புளிக்கும் அந்த ஊறுகாய் ஜாடி. முத்தம்மாவின் அடுப்படி அலமாரியில் இரண்டு டப்பாக்களை நகர்த்தி, அதை நடுவில் வைத்தார்.

"இது இனிமே இங்கயே இருக்கட்டும். ரொட்டி நீங்களே சுடுங்க. நான் இங்க வந்து சாப்பிட்டுக்கறேன்."

அன்றிலிருந்து அவர் தன் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கோவிந்தப்பாவின் மில்லுக்குக் காலையில் முத்தம்மா போனார். கஞ்சி, கூட்டு, ரொட்டி எல்லாம் முத்தம்மாவின் கையால்தான். மற்ற வீடுகளில் ஜூடித் பழையபடியே கை நனைக்கவில்லை.

அவர் பயந்த கேள்வி வராமல் இல்லை. பாஸ்டரம்மா நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாந்தகுமாரி நேராகவே கேட்டுவிட்டார்: "எல்லா வீடும் ஒண்ணுன்னு சொன்னீங்களே டீச்சர், இப்ப அந்த ஒரு வீடு மட்டும் எப்படி?"

ஜூடித் கையிலிருந்த நோட்டுகளைத் திருத்தி முடித்தார், பேனாவை மூடினார், முத்தம்மாவின் அடுப்படிப் பக்கம் திரும்பி, "கஞ்சி ஆச்சா?" என்று கேட்டார். சாந்தகுமாரிக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. முத்தம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.