மூன்று ரேஞ்ச்ஃபைண்டர்களும் ஒரு காங்கேயத்துக்காரரும்

1. கண்ணாடிப் பெட்டி வந்த நாள்

கிராஸ்கட் ரோட்டில் நான் வேலை பார்த்த ஷோரூமில் கீழ்த்தளம் முழுக்க டிவியும் ஃபிரிட்ஜும். மாடியில் ஒரு பக்கம் கிரைண்டர், மிக்சி. இன்னொரு பக்கம் கேமரா. எல்லோரும் போனிலேயே படம் எடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் வருகிறவர்களில் பாதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்க வருகிறவர்கள். அந்த செக்ஷனுக்கு நான்தான் சீனியர் டெமான்ஸ்ட்ரேட்டர். ஜூனியர் யாரும் கிடையாது.

அப்படிப்பட்ட காலத்தில்தான் எங்கள் மேனேஜர் சண்முகம் சார் ஒரு கண்ணாடிப் பெட்டியும், அதற்குள் வைக்க மூன்று டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களும் வரவழைத்தார். ஒரு மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் யாரோ கழுத்தில் அப்படி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாராம். இவர் விலையை விசாரித்திருக்கிறார். அதன் பிறகு பந்தியில் சாப்பாடே இறங்கவில்லையாம்.

"கோமதிக்கா, இதுல ஒண்ணு போனாப் போதுமுங்க, ஒரு மாசத்து மிக்சி யாவாரத்துக்குச் சமம்," என்றார்.

"ஒண்ணுமே போகலீன்னா சார்?"

"அப்ப இந்த மாசத்தோட கேமராவை எடுத்துப்போட்டு இந்தப் பக்கமும் கிரைண்டரே வெச்சுப்போடலாமுங்க. உங்களுக்கு மாவாட்டத் தெரியாமயாக்கா போயிரும்?"

எங்கள் ஊரில் ஒருவருடைய பிழைப்பில் கை வைப்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள். திருப்பிக் கோபப்பட வழியே இருக்காது. இருபது வருஷத்துக்கு மேல் கேமரா விற்றவள் நான். கடைசிக் காலத்தில் உளுந்து ஊறப்போட்டு டெமோ காட்டுவதை நினைத்தால் எனக்கு அழுகையே வந்தது.

2. மூன்றின் குணம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரண கேமராவில் லென்ஸ் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. லென்ஸுக்கு மேலே ஓரத்தில் தனியாக ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்றுதான் இருக்கும், படம் மட்டும் கன்னங்கரேல் என்று வரும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. இவ்வளவு வசதிக்குத்தான் அந்த விலை.

மூன்றில் ஒன்று ஜப்பான்காரருடையது, செகண்ட் ஹேண்ட். ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரை இழுக்க வேண்டும், உள்ளே ஃபிலிமே இல்லாவிட்டாலும். மேலே ஸ்கூட்டர் பெட்ரோல் மீட்டர் மாதிரி முள்ளெல்லாம் உண்டு. ஆனால் ஜன்னலில் எல்லாம் உள்ள அளவுக்கே தெரியும் என்பதால் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே படம் எடுக்கலாம். கையாள எனக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டாவது ஜெர்மன்காரருடைய பழைய மாடல். பித்தளைக் கனம், தடித்த உடம்பு, ஸ்விட்சைப் போட்டால் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். கறுப்பு நைலான் துணியை எல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் காட்டும். அதற்கு ஒரு ஃபில்டர் போட வேண்டும். பேட்டரியை மாற்ற அடித்தட்டு முழுவதையும் கழற்ற வேண்டும், கழற்றிய தட்டைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதும் ஜெர்மன், புதுசு. ஒல்லியாக, கைக்கு அடக்கமாக இருக்கும், ஷட்டர் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. பின்பக்கம் திரை கிடையாது. உடைந்துபோகவில்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. எடுத்த படத்தை வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் பார்க்க முடியும். திரையை எடுத்ததற்காக விலையை ஏற்றியிருந்தார்கள்.

3. காங்கேயத்து அண்ணன்

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை துரைசாமி என்பவர் வந்தார். காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். கூடவே மனைவி சரோஜா அக்கா.

"சத்தமில்லாத சின்னக் கேமராவா வேணுங்க அம்மணி. எங்கூட்ல பெரிய கேமராவைத் தூக்குனாலே மொகத்தைத் திருப்பிக்கறாங்க. கல்யாணத்துக்கப்பறம் நேராப் பாத்த படம் ஒண்ணு இல்லீங்க."

"தெனமும் நேராத்தானுங்க பாத்துட்டு இருக்கறேன். அதைப் படம் வேற புடிக்கோணுமாக்கும்," என்றார் அக்கா.

நான் மூன்றையும் எடுத்து வைத்து ஆரம்பித்தேன். எதிர்ச்சாரி நகைக்கடை போர்டைக் காட்டி, அந்த எழுத்து ஒன்றாகிற வரைக்கும் வளையத்தைத் திருகச் சொன்னேன்.

"தெரியுதுங்களாண்ணா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"ரெண்டும் ஒண்ணாயிருச்சுங்களா?"

"ஒண்ணாயிருச்சுங்க. அருமையா இருக்குதுங்க."

மூன்று கேமராவுக்கும் அதே பதில். ஜப்பான் லீவரும் அருமை, பித்தளைக் கனமும் அருமை, திரை இல்லாததும் அருமை. என் சர்வீசில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. கிரைண்டர் வரிசைக்குப் பின்னால் நின்றபடி சண்முகம் சார் காபிக்குச் சொல்லிவிட்டார். எங்கள் கடையில் காபி வந்தால் பில் பாதி போட்ட மாதிரி.

அப்போதுதான் அவருடைய ஆள்காட்டி விரலைக் கவனித்தேன். நாம் பார்க்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டாவது பிம்பத்தை உள்ளே அனுப்பச் சின்னதாக இன்னொரு ஜன்னல் உண்டு. அதை அந்த விரல் முழுசாக மூடிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னலை மூடினால் இரட்டைப் பிம்பமே தெரியாது. தெரியாதது எப்படி ஒன்றாகும்?

"வெரலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வெச்சுக்குங்ணா."

விரலை நகர்த்தி மறுபடி திருகினார். "இப்ப இன்னும் நல்லாருக்குதுங்க."

வளையத்தை அசைக்காமல் கேமராவை வாங்கி நான் பார்த்தேன். நகைக்கடையின் எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றன. மற்ற இரண்டிலும் அப்படியே.

சரோஜா அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவருக்குக் கண்ணு தெரியலீங்க அம்மணி. கேட்டா ஒத்துக்க மாட்டேங்கறாரு. போன வாரம் மோருக்கு உப்புப் போடறேன்னு சர்க்கரையைப் போட்டாரு. குடிச்சுப்போட்டு நல்லாருக்குதுன்னாரு."

"எதுலீங்கக்கா வந்தீங்க?"

"கார்லதானுங்க. அவருதான் ஓட்டிட்டு வந்தாரு."

பல்லடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எப்படி வரும் என்று போனவர்களுக்குத் தெரியும். கேமராவை வாங்கிக்கொண்டு இவர்கள் அதே ரோட்டில், அதே காரில், அதே கண்ணோடு திரும்பிப் போவார்கள்.

சண்முகம் சார் வந்துவிட்டார். "எதுங்ணா புடிச்சிருக்குது?"

"மூணுமே புடிச்சிருக்குதுங்க. அம்மணி எதைச் சொல்றாங்களோ அதைப் போட்டுருங்க."

விற்பனை வேலையில் இருக்கிறவர்கள் ஆயுள் முழுக்கக் கேட்க ஆசைப்படுகிற வாக்கியம் அது. எனக்கு ஏன் அன்றைக்குப் பார்த்து வந்தது என்றிருந்தது. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று நேராகச் சொல்ல முடியாது. சொன்னால் மனசு சங்கடப்பட்டு, "அப்பிடீங்களா, போயிட்டு வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து, நேராகக் காரைத்தான் எடுப்பார்.

திரை இல்லாத கேமராவைக் கையில் எடுத்தேன். கண் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன வளையம் உண்டு.

"அண்ணா, இதுல உங்க பவருக்குத் தகுந்த கண்ணாடி தனியாத் திருகோணுங்க. கண்ணாஸ்பத்திரிச் சீட்டு இல்லாம பில் போடக்கூடாதுன்னு கம்பெனி ரூலுங்க. இன்னைக்கே ஒரு ஆட்டோவுல போயிட்டு வந்தர்லாம்."

முதல் வாக்கியம் நிஜம். இரண்டாவதை அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கினேன்.

"கம்பெனி ரூலுன்னா செஞ்சுதானுங்க ஆகோணும்," என்று அவர் உடனே எழுந்தார். மனைவி சொன்னபோது ஒத்துக்கொள்ளாத கோளாறு, கம்பெனி கேட்டதும் கௌரவமாகிவிட்டது.

சண்முகம் சார் காபி டம்ளரோடு நின்றார். "எந்தக் கம்பெனிக்கா அது?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள். மருந்து விட்டால் வண்டி ஓட்டக்கூடாது. அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாகவும், ஆபரேஷன் முடிகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றும் டாக்டர் சொன்னதாக அக்கா போன் செய்தார். மில் டிரைவர் பஸ்ஸில் வந்து காரை ஓட்டிப் போனார்.

4. மாவுப் பதம்

மாதம் முடிந்தது. ஒன்றும் விற்கவில்லை. சண்முகம் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், 'ங்க' கூடக் குறையாமல். கேமரா இருந்த பக்கம் டில்டிங் கிரைண்டர் வந்தது. மூன்று கேமராவும் அவருடைய அலமாரிக்குள் போயின. முதல் வாரம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாவு நன்றாகத்தான் வந்தது.

சில மாதம் கழித்து துரைசாமி அண்ணனும் அக்காவும் கிரைண்டர் பக்கம் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது.

"இப்ப என்னையவே உத்து உத்துப் பாக்கறாருங்க. எப்ப இத்தனை நரைச்சுதுன்னு கேக்கறாரு," என்றார் அக்கா.

சண்முகம் சார் அலமாரியைத் திறந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்தார், வளையத்தைத் திருகினார். "ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க அம்மணி," என்றார் பயந்து.

"அப்பிடித்தானுங்ணா தெரியோணும். திருகுங்க."

திருகினார். ஒன்றானது. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது இழுத்து இழுத்து எடுக்கறதுக்குள்ள இவிய மொகத்தைத் திருப்பிக்குவாங்க. இது செங்கல்லு மாதிரி கனமுங்க. இதுல எடுத்ததையே பாக்க முடியாதுங்களா? இதையெல்லாமா அருமைன்னு சொன்னேன்?"

சண்முகம் சார் அலமாரியைப் பூட்டினார்.

"அன்னைக்கு உங்களுக்கு என்னதானுங்ணா தெரிஞ்சுது?" என்று நான் கேட்டேன்.

"வெளிச்சந் தெரிஞ்சுதுங்க. நீங்க அத்தனை நேரம் நின்னுட்டே சொன்னீங்க. தெரியலீங்கன்னு சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்பறம் காரை எப்பிடி ஓட்டிட்டு வந்தீங்க?"

அவர் அக்கா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கரூர்ல இருந்து இங்க வர்ற பஸ் ஒண்ணு முன்னால போச்சுங்க. அதோட பொறத்தால இருந்த செவப்பை மட்டும் பாத்துட்டே வந்தேன். அது நின்னா நானும் நின்னேன், அது கெளம்புனா நானும் கெளம்புனேன்."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "அதானுங்களா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னீங்க? கேட்டதுக்குக் காத்தாட இருக்கட்டும்னீங்களே."

அக்கா பக்கத்தில் இருந்த கிரைண்டர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்தவர் வெகு நேரம் விடவே இல்லை.

கேமரா விற்க வருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் "நல்லாத் தெரியுதுங்க" என்று சொன்னால், வளையத்தை அசைக்காமல் கேமராவை வாங்கி நீங்களும் ஒரு தரம் பாருங்கள். சரியாக இல்லையென்றால், எதில் வந்தீர்கள் என்று கேளுங்கள். பில்லை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.