முதுகைப் பார்த்து வாங்கிய போட்டோ பேப்பர்

மகளின் அடையாள அட்டைக்கான கறுப்பு வெள்ளைப் படத்தை நானே எடுத்து, குளியலறையை இருட்டாக்கிப் பிரின்ட் போட்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துரை அத்தாட்சிக்காக ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் கையெழுத்து வைத்தார். பிளாஸ்டிக் பூசிய பேப்பர், மை காயவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் அடியிலிருந்த படத்தில் மை அப்பி, மகளுக்கு மீசை முளைத்தது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

"கார்ட் இல்லாட்டி பரீட்சை எழுத விடமாட்டாங்கப்பா" என்றாள்.

விடுவேனா? இன்று பதுளை போட்டோக் கடைக்குப் போனேன்.

"பின்னாடி மை புடிக்கிற பேப்பரா குடுங்க."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் மொகம் எப்படி விழும்னு கேப்பாங்க. நீங்க முதுக கேக்குறீங்களே!"

"மொகத்த எம் பொண்ணு பாத்துக்குவா. முதுகு எம் பொறுப்புங்க."

பிளாஸ்டிக் பூசாத பேப்பர் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதில் மறுபடி பிரின்ட் போட்டேன். பின்பக்கம் மை நன்றாக ஊறுகிறது. ஆனால் கழுவிய ஈரம் காய்ந்ததும் படமெல்லாம் அப்பளமாகச் சுருண்டுவிட்டது.

நாளைக் காலை துரையிடம் கொடுக்க வேண்டும். அதனால் இரண்டு பலகைகளுக்கு நடுவே படங்களை வைத்து, மேலே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

"ஒங்க ஒடம்புக்கு இப்பத்தான் ஒரு வேல கெடச்சிருக்கு" என்கிறாள் மனைவி.

சுருளை நிமிர்த்த வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் வந்து ஒரு மணி நேரம் எனக்குப் பதிலாக உட்காருங்கள்.