சுவர்ப் பக்கம் நின்று குடித்த ஜிகர்தண்டா

மதுரைக்கு வருகிறவர்கள் கோயிலில் கும்பிட்டு முடித்த கையோடு கேட்கிற கேள்வி, ஜிகர்தண்டா எங்கே நல்லா இருக்கும் என்பதுதான். கேட்டுவிட்டால் தீர்ந்தது. எங்கள் ஊரில் நாலு பேர் நின்றால் ஐந்து கடை சொல்வார்கள். ஒரு கடை போர்டில் ஒரிஜினல் என்று எழுதியிருக்கும். எதிர்த்த கடையில் 'ஒரே ஒரிஜினல்' என்று எழுதியிருக்கும். அதற்கும் பக்கத்தில் 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று எழுதியிருக்கும், அதே போர்டு அடுத்த தெருவிலும் தொங்கும்.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்தப் பக்கம்தான். வீடு நாகமலை புதுக்கோட்டையில். இருந்தும் போன வருஷம் வரைக்கும் ஒரு கடையிலும் நின்று ஜிகர்தண்டா குடித்ததில்லை. பிடிக்காமல் இல்லை, கூச்சம். ரோட்டில் நாலு பேர் பார்க்க வாயைத் திறக்க எனக்கு வராது. பஸ் ஸ்டாண்டில் ஒரு காப்பிகூடக் குடித்தவள் இல்லை. வீட்டுக்காரர் இருந்தபோது பார்சல் வாங்கி வருவார். டவுன் பஸ் நாகமலை வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகி, பால் வெதுவெதுப்பாகி, கடல்பாசி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "ஜில்லுன்னு இருக்கு" என்பேன். தொட்டுப் பார்த்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பாவம், தொட்டுப் பார்க்க மாட்டார்.

இப்பேர்ப்பட்ட நான்தான் மகளின் கல்யாணத்துக்காக, ஜிகர்தண்டாவுக்குக் கடை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மகள் கணக்கு டீச்சர். முப்பதைத் தாண்டிவிட்டாள். வந்த வரன் எல்லாம் காப்பி பஜ்ஜியோடு நின்றன. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். வந்தவர்கள் வழக்கத்தை நன்றாகவே காப்பாற்றினார்கள். தட்டுத் தட்டாக பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "இது டிபன்தானே, சோறு இல்லையே. ஊருக்குப் போயி போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். அந்த போனெல்லாம் இன்னும் வரவில்லை.

ஒரு தடவை என் தம்பி அவசரப்பட்டு, வந்தவரைப் பார்த்து வாசலிலேயே "வாங்க சம்பந்தி" என்று கூப்பிட்டுவிட்டான். அந்த ஆள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து தேதி குறிக்கிற வரைக்கும் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.

இந்த வரன் சென்னையிலிருந்து வந்தது. பூர்வீகம் செக்கானூரணிப் பக்கம்தான், போய் ரெண்டு தலைமுறை ஆகிறது. மாப்பிள்ளையும் மகளும் போனில் பேசியிருக்கிறார்கள். பேசிவிட்டு வந்தவள் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னாள், "இதுதான்மா கடைசி. இதுவும் இல்லேன்னா இனிமே என்னைய யார் முன்னாடியும் கொண்டு போயி நிறுத்தாத." அந்தச் சிரிப்பையும் பார்த்துவிட்டு இந்தப் பேச்சையும் கேட்டால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வர மாட்டார்களாம். மீனாட்சியம்மன் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமாம். முடிவாகும் முன்னால் கை நனைக்கிற பேச்சே கிடையாதாம்.

பழங்காநத்தத்திலிருந்து தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு வந்து குதித்தான்.

"பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாகளாமே! அம்புட்டுத் திமிரா? நம்ம வீட்டுத் தண்ணி உப்புக் கரிக்குதா?"

"உப்புத்தான் கரிக்குது தம்பி. போர் தண்ணி."

"நீ இப்பிடியே பேசு. அந்தம்மா உன்னைய ஒரே வாயில முழுங்கிரும்."

சித்திரை வெயிலில் பொற்றாமரைக் குளத்துப் படியில் ரெண்டு வீட்டாரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையும் மகளும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தூணோரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கலகலப்பான மனுஷர். ரிட்டயர் ஆனவர், சர்க்கரை வியாதிக்காரர், ரெண்டையும் வந்த உடனே சொல்லிவிட்டார். அவரும் தம்பியும் மழை, ரோடு, ரயில் என்று பேசிக்கொண்டே போனார்கள். முடிவு சொல்ல வேண்டிய ரெண்டு பொம்பளைகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தம்மா நல்ல உயரம், பட்டுச் சேலை, நிமிர்ந்து உட்கார்ந்து குளத்தையே பார்த்தார்கள். நானும் குளத்தையே பார்த்தேன். குளம்தான் என்ன செய்யும்?

"பேசுக்கா," என்று தம்பி காதுக்குள் சொன்னான்.

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும் பேசு. வெயிலு ரொம்பன்னு சொல்லு."

"வெயிலு ரொம்ப," என்றேன்.

"ஆமாங்க," என்றார்கள் அந்தம்மா. அத்தோடு முடிந்தது பேச்சுவார்த்தை.

கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்தார். "மதுரை வரைக்கும் வந்துட்டு ஜிகர்தண்டா குடிக்காமப் போனா எங்க அப்பார்ட்மெண்ட்ல யாரும் என்கூட வாக்கிங் வர மாட்டாங்க. ஒரிஜினல் எங்க கிடைக்கும்?"

"சுகர் இருக்குங்க உங்களுக்கு," என்றார்கள் அந்தம்மா.

"மதுரையில எனக்குச் சுகர் கிடையாது."

தம்பி கீழவாசல் பக்கம் ஒரு கடையைச் சொன்னான். மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோவைக் காட்டி இன்னொன்றைச் சொன்னார். அதில் யாரோ தாகத்தில் செத்தவன் பிழைத்து எழுந்த மாதிரிக் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான். வழியில் நின்ற ஆட்டோக்காரர் கூப்பிடாமலே வந்து, அந்த ரெண்டுமே டூப்ளிகேட், ஏறுங்க நான் கொண்டு போறேன் என்றார். பேச்சு முற்றியது. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இந்த விஷயத்துல பொம்பளைங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். நீங்க எங்கம்மா குடிப்பீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தம்மாவும் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் குடித்ததே இல்லை என்று சொன்னால் கதை கந்தலாகிவிடும்போல இருந்தது. வாய்க்கு வந்தது, "சிம்மக்கல்."

பழம் வாங்கப் போனால் சிம்மக்கல்லில்தான் பஸ்ஸுக்கு நிற்பேன். எதிர்ச் சந்தில் ஒரு ஜிகர்தண்டாக் கடை இருக்கும். அந்தக் கடையை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாப்பிலிருந்துதான்.

ஆட்டோவில் மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, உனக்கு சிம்மக்கல்ல கடை தெரியுமா?"

"இருக்கிற இடம் தெரியும்."

"நல்லா இருக்குமா?"

"அது தெரியாது."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடையைப் பார்த்ததும் தம்பியின் முகம் செத்துவிட்டது. ஒரு தள்ளுவண்டி அகலம்தான் இருக்கும். போர்டு கிடையாது. பக்கத்தில் ஒரு நீளச் சுவர், சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போர்டே இல்ல பாருங்க! அப்ப இதுதான் ஒரிஜினல்!"

கடைக்காரர் பாலைக் கிண்டிக்கொண்டே நிமிர்ந்தார். "ஒரிஜினல் வேணும்னா கீழவாசல் பக்கம் போங்கண்ணே, நிறைய இருக்கு. இங்க வெறும் ஜிகர்தண்டாதான்."

அதைக் கேட்டு அவருக்கு இன்னும் நம்பிக்கை கூடிவிட்டது.

அப்போதுதான் அந்தம்மா சொன்னார்கள். "நீங்கல்லாம் குடிங்க. எனக்கு வேண்டாம்."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணிலேயே எல்லாம் எழுதியிருந்தது. நம் கையால் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிறார்கள், அப்படியென்றால் முடிவு சொல்லியாகிவிட்டது, இனி ஊருக்குப் போய் போன் பண்ணுவார்கள். மகள் போஸ்டரைப் படிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அந்த நேரத்தில் போய் நான் என்ன சொன்னேன் என்றால், "எனக்கும் வேண்டாம்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

கடைக்காரர் விடவில்லை. அவர் தலையை எண்ணி எல்லோருக்கும் ஊற்றியிருந்தார். கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சின பால், மேலே ஐஸ்கிரீம் உருண்டை. "ஊத்துனதத் திருப்பி எங்க ஊத்தறது? பிடிங்கத்தா," என்று ரெண்டு டம்ளரை எங்கள் ரெண்டு பேர் கையிலும் திணித்துவிட்டார். காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டம் பைக்கில் வந்து இறங்கியது. ரோடு முழுக்க ஆள், ஆள் எல்லாம் கண்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி இலை பார்த்து உட்காருகிறவள் நான். முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினேன். போஸ்டரில் காலமான ஒரு பெரியவர் மூக்குக்கு நேரே சிரித்துக்கொண்டிருந்தார். போனவர்தானே என்று அவர் முன்னால் ஒரு வாய் குடித்தேன். அம்மாடி! இத்தனை வருஷமாக நான் குடித்த பார்சல் வேறு, இது வேறு.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்தம்மா. அவர்களும் பட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, டம்ளரை மறைத்து மறைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிளாஸில் வெளியே நிறுத்தப்பட்ட ரெண்டு பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"நீங்களும் இப்படித்தானா?" என்று கேட்டார்கள். குரலே வேறாக இருந்தது.

"ரோட்டுல நின்னு வாயத் தொறக்க வராதுங்க எனக்கு."

"எனக்கும்தாங்க. இவர் பீச்சுக்குப் போனா பஜ்ஜி, சுண்டல்னு நின்ன இடத்துல திங்கச் சொல்வாரு. நான் வேண்டாம்பேன். அவங்க வீட்டுல எனக்குத் திமிர் புடிச்சவன்னு பேரு."

"எங்க வீட்டுலயும் உங்களுக்கு அதே பேருதான்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். யார் வீட்டு அம்மா, யார் தலை என்றெல்லாம் யோசிக்கவில்லை.

மூச்சு வந்ததும் சொன்னார்கள், "வீட்டுக்கு வந்தா நாலு பேரு சுத்தி நின்னு சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு வாயையே பாப்பாங்க. அதை நெனச்சாலே எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. கை நனைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கல்ல? அதான் கோயில்னு சொன்னேன்."

ஒரு வாரமாகத் தம்பி பழங்காநத்தத்துக்கும் நாகமலைக்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டு கோபப்பட்டதெல்லாம் இதற்குத்தான்.

டம்ளர் அடியில் கடல்பாசி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ரெண்டு பேரும் ஸ்பூனால் சுரண்டினோம். அந்தம்மாவின் மேலுதட்டில் பால் மீசை இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். துடைத்துக்கொண்டே, ரொம்ப நாள் பழகினவர்கள் மாதிரி சொன்னார்கள்:

"அடுத்த தடவை உங்க வீட்டுலயே உட்காந்து குடிப்போம் சம்பந்தி. ஆனா கதவச் சாத்திருங்க."

நான் காலி டம்ளரை இன்னொரு தடவை சுரண்டினேன். "பார்சலா இருந்தா நல்லா இருக்காதுங்க," என்றேன்.

அவர்கள் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். முகம் மறுபடியும் பழையபடி விறைப்பாகிவிட்டது. தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "கை நனைச்சாச்சுங்க. தேதி பாருங்க," என்றார்கள். அவர் அப்போது ரெண்டாவது டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சிரித்தார். மகள் போஸ்டரை விட்டுத் திரும்பவேயில்லை. ஆனால் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது.

தம்பி நிமிர்ந்து நின்று கடைக்காரரிடம், "நான் அப்பவே சொன்னேன்ல, சிம்மக்கல் கடதான்னு," என்றான்.

கல்யாண ரிசப்ஷனில் ஜிகர்தண்டா வைத்தோம். தம்பி ஏற்பாடு. ஆள் உயரத்துக்குப் போர்டு, அதில் ரெண்டு இடத்தில் ஒரிஜினல் என்று எழுதியிருந்தது. ஜனம் முண்டியடித்தது. சம்பந்தியும் நானும் மணப்பெண் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடித்தோம். பாலில் தண்ணி ஜாஸ்தி.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் மதுரைக்கு வந்தாலும், சென்னை சம்பந்தத்தையே முடித்துவைத்த ஆள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள், ஜிகர்தண்டா எங்கே குடிக்கலாம் என்று. நானும் யோசிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொல்வேன். போர்டைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நல்ல சுவர் இருக்கிறதா என்று பாருங்கள்.